இந்த ஆண்டும் எதிர்பார்க்கப்படுகிறது

ஃபெர்கஸ் டிண்டேல் ஒன்பது வருடமாக ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தான். அது இன்னும் வெளிவரவில்லை. வெளிவராததாலேயே அவன் மெல்பர்னில் கொஞ்சம் பெரிய ஆள். ஒழுங்காக வேலை பார்த்து, கேமை முடித்து, விற்று, மறக்கப்பட்டவர்கள் அந்த ஊரில் எத்தனையோ பேர். டிராமில் அவர்களை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஃபெர்கஸுக்கு மட்டும் ஆட்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள்.

ஒவ்வொரு அக்டோபரிலும் யாரா நதிக்கரை மண்டபத்தில் கேம் கண்காட்சி நடக்கும். அதற்கு முன்னால் 'மிகவும் எதிர்பார்க்கப்படும் கேம்கள்' என்று ஆளாளுக்குப் பட்டியல் போடுவார்கள். அதில் ஃபெர்கஸின் 'அக்கரை' தவறாமல் இருக்கும். ஆரம்பத்தில் கடைசி வரியில் ஒண்டிக்கொண்டிருந்தது, வருடம் ஆக ஆக மேலே ஏறி முதலிடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. செய்து முடித்தவனுக்குக் கிடைக்காத மரியாதையெல்லாம் செய்யப்போகிறவனுக்குக் கிடைத்தது.

"ஒரு வேலையையும் முடிக்காம நாலு பரிசு வாங்குனவன் இந்த நாட்டுல நான் ஒருத்தன்தான். அரசியல்வாதிங்களைச் சேக்கல" என்று அவனே சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். அந்த ஊரில் தன்னைத் தானே மட்டம் தட்டிக்கொள்ளத் தெரியாதவனை மற்றவர்கள் சேர்ந்து தட்டிவிடுவார்கள். ஃபெர்கஸ் அந்த விஷயத்தில் கெட்டிக்காரன். தன்னைச் சோம்பேறி என்பான், ஏமாற்றுக்காரன் என்பான், தன் வழுக்கையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்வான். இப்படி எல்லாவற்றையும் அவனே சொல்லிவிட்டால் மற்றவர்கள் என்னத்தைச் சொல்வது? பாவம் நல்ல மனுஷன் என்று முதுகில் தட்டிவிட்டு ஒரு பீர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவனும் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவான்.

கேம் ஏன் முடியவில்லை என்பது பரம ரகசியம் ஒன்றும் இல்லை. கண்காட்சிதான் காரணம். கண்காட்சியில் ஸ்டால் போட்டால் ஜனங்கள் உட்கார்ந்து விளையாடிப் பார்க்க ஒரு டெமோ வேண்டும். அதாவது கேமின் ஒரு துண்டு, இருபது நிமிடம் ஓடுவது. ஜூனில் குளிர்காலம் வந்தால் மற்ற வேலையை அப்படியே போட்டுவிட்டு அந்தத் துண்டைத் தேய்த்து மெருகேற்றுவார்கள். கண்காட்சி முடிந்தால் களைப்பு. களைப்பு தீர்வதற்குள் கிறிஸ்துமஸ். அப்புறம் கடற்கரை, கிரிக்கெட், சுட்டெரிக்கும் வெயில். வெயில் தணிந்து உட்காரும்போது அடுத்த கண்காட்சிக்கு விண்ணப்பம் வந்துவிடும். இப்படியே டெமோ மட்டும் வருடத்துக்கு வருடம் அழகாகிக்கொண்டே போனது. அதில் ஒரு கடற்பறவை வந்து கதாநாயகி கையிலிருக்கும் உருளைக்கிழங்கு வறுவலைக் கொத்திக்கொண்டு போகும். அந்தப் பறவைக்கு மட்டும் ஒரு குளிர்காலம் முழுக்கச் செலவழித்தான் ஃபெர்கஸ். பறவை பிரமாதம். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

டெமோவில் நடப்பது இவ்வளவுதான். ஒரு சின்னத் துறைமுக ஊர், சாயங்கால நேரம். ஒரு பெண் வீடு வீடாகப் போய் விடைபெறுகிறாள், கடைசிப் படகில் ஏறுகிறாள். படகு நகர்கிறது, ஊரின் விளக்குகள் சிறிதாகின்றன, திரை இருள்கிறது. இருட்டில் ஒரே ஒரு சொல் வரும்: 'விரைவில்'. அக்கரையில் ஏழு தீவுகள் இருப்பதாகப் பேட்டிக்குப் பேட்டி ஃபெர்கஸ் சொல்லியிருந்தான்.

அவன் விளையாட்டுப் பேச்சுக்கு மசியாத ஒரே ஆள் நைரி. கேமுக்குக் கணினி நிரல் எழுதுகிறவள், கம்பெனியில் பாதி அவளுடையது. நியூசிலாந்திலிருந்து வந்து, வேறொரு கம்பெனியில் ஃபெர்கஸுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்தவள். அந்தக் கம்பெனி மூடிய பிறகு சொந்தமாக ஆரம்பித்தபோதும் அதே எதிர் மேசைதான். திரையில் ஓடும் அந்தக் கடல்தண்ணீர் முழுக்க அவள் எழுதியது. அந்த வருடம் ஸ்டாலுக்குத் திரைச்சீலை கட்டிக்கொண்டிருந்தபோது அவள் ஏணியில் நின்றபடியே சொன்னாள்.

"சனிக்கிழமை மேடையில ரிலீஸ் தேதி சொல்லு. மார்ச்சோ மே மாசமோ, எனக்குக் கவலையில்ல. வாயத் தொறந்து ஒரு தேதி. சொல்லலேன்னா நான் பிரிஸ்பேன்காரங்களுக்குச் சரின்னு சொல்லிடுவேன்."

"பிரிஸ்பேன்னா? அந்தச் சூதாட்ட மெஷின் கம்பெனியா?"

"அதேதான். பப்புல பெருசுங்க உக்காந்து பென்ஷன் காசப் போட்டுட்டு இருக்குமே, அந்த மெஷின்."

"நைரி, உன் தண்ணியப் பாத்துட்டு ஜெர்மனியிலருந்து ஒருத்தன் அழுதுட்டே மெயில் போட்டான். நீ போயி அந்த மெஷின்ல செர்ரிப்பழப் படம் சுத்த விடப்போறியா?"

"அவன் அழுதது அப்போ. இப்போ அவனுக்கு ரெண்டு புள்ளைங்க, நம்மள மறந்தே போயிருப்பான். அங்க ஒரு மெஷின ஆரம்பிச்சா வருஷத்துக்குள்ள முடிச்சிடுறாங்கடா. முடிஞ்சா முடிஞ்சதுதான். எனக்கு ஏதாவது ஒண்ணு முடிஞ்சு கண்ணால பாக்கணும். அது செர்ரிப்பழமா இருந்தாலும் பரவால்ல."

ஃபெர்கஸ் வழக்கம்போல ஒரு ஜோக்கை எடுத்தான். அவள் ஏணியிலிருந்து பார்த்த பார்வையில் அதை அப்படியே விழுங்கினான். அவனுக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. நைரி போனால் கேம் போய்விடும் என்பது இருக்கட்டும், எதிர் மேசையில் அந்த முகம் இருக்காது. ஃபெர்கஸுக்கு இரண்டு திருமணம் முறிந்திருக்கிறது, இரண்டின்போதும் இந்த அளவுக்குப் பயந்ததில்லை. மார்ச் பன்னிரண்டு என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். மறந்துவிடக் கூடாதென்று சனிக்கிழமை காலை அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டான்.

மேடையில் ஐந்தாவது பரிசு காத்திருந்தது. பார்வையாளர்கள் ஓட்டுப் போட்டுத் தரும் பரிசு. விளக்கை அணைத்து 'அக்கரை' டிரெய்லரைப் போட்டார்கள். படகு நகர்ந்தது, விளக்குகள் சிறிதாகின, திரை இருண்டது. சொல் வருவதற்கு முன்னாலேயே மண்டபம் முழுக்க ஒரே குரலில் "விரைவில்!" என்று கத்தியது. அது அங்கே ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது. அந்தச் சொல் அச்சடித்த பனியன்கூட வெளியே விற்றார்கள். ஃபெர்கஸே இரண்டு வாங்கியிருந்தான்.

அவன் மேடையேறி மைக்கைப் பிடித்தான். "இந்தப் பரிசை வெக்க வீட்டுல இடமில்ல. கேம வெக்க நெறைய இடமிருக்கு" என்றான். சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. தொகுத்து வழங்கிய பச்சைத் தலைமுடிக்காரப் பெண் அவன் தோளைத் தொட்டு, "சரி ஃபெர்கஸ், இந்த வருஷமாவது சொல்லுங்க. எப்போ?" என்று கேட்டாள்.

உள்ளங்கையைப் பார்த்தான். வியர்வையில் பன்னிரண்டு கொஞ்சம் கரைந்திருந்தது, மார்ச் தெளிவாகவே இருந்தது. மூன்றாவது வரிசையில் நைரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்லத்தான் வாயைத் திறந்தான், அதைச் சந்தேகப்பட வேண்டாம். ஆனால் எதிரே அத்தனை முகங்களும் அப்படி மலர்ந்திருந்தன. தேதியைச் சொன்னால் அது வெறும் கேமாகிவிடும். வாங்குவார்கள், குறை சொல்வார்கள், மறந்துவிடுவார்கள். சொல்லாத வரைக்கும் அதுதான் உலகத்திலேயே நல்ல கேம், அவன்தான் அதைச் செய்கிறவன். அவன் "வி..." என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டினான். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். கூரை இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம். வாழ்க்கையில் அவனுக்கு அதைவிடப் பெரிய கைதட்டல் கிடைத்ததில்லை. கைதட்டலுக்கு நடுவே நைரி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தான். இல்லை, ஸ்டாலில் இருந்தாள். அவள் சுபாவம் அப்படி. வரிசை மண்டபத்தின் மறுகோடிவரை நின்றது, வந்தவர்களை உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். ஃபெர்கஸ் பரிசைக் கையில் பிடித்தபடி அசடு வழிய நின்றான்.

"நைரி, அங்க என்ன ஆச்சுன்னா..."

"பாத்துட்டுத்தான வந்தேன்."

"நான் சொல்லத்தான் போனேன். நாக்கு..."

"திட்டல ஃபெர்கஸ். திட்டறதுக்கு இன்னும் ஏதாவது எதிர்பாக்கணும். நான் எதிர்பாக்கல. தள்ளு, அந்தம்மா உக்காரட்டும்."

உட்கார்ந்தவள் ஜீலாங்கிலிருந்து வந்த மார்லீ. பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள், முப்பத்தைந்து வயதிருக்கும். வருடா வருடம் ரயிலேறி வந்து வரிசையில் நின்று இந்த டெமோவை விளையாடிவிட்டுப் போகிறவள். இருவருக்கும் அவள் முகம் பழக்கம். பேசியதில்லை. கேமுக்குள் அவள் வழி கேட்காமல், எந்தக் கதவில் யார் இருப்பார்கள் என்று தெரிந்து போய் விடைபெற்றாள். பறவைக்கு வறுவலை நீட்டியே பிடித்தாள், கொத்திக்கொண்டு போகட்டும் என்று. படகு கிளம்பியதும் கைகளை எடுத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபெர்கஸைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒவ்வொரு வருஷமும் இன்னும் நல்லா பண்றீங்க. இந்தத் தடவ அந்தப் பாட்டு வாத்தியார் கைய விடாம பிடிச்சிட்டு இருந்தாரே, அது புதுசு இல்ல? சரி, நான் ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அடுத்த கேம் எப்போ பண்ணுவீங்க?"

"அடுத்ததா?" ஃபெர்கஸ் சிரித்தான். "மொதல்ல இது வரட்டும்மா."

"வரட்டும்னா?"

"இது இன்னும் வெளிவரலையே. இது டெமோ."

மார்லீ குழப்பத்தோடு திரையைப் பார்த்தாள், திரும்ப அவனைப் பார்த்தாள். "முடிஞ்சிருச்சே. அவ எல்லார்கிட்டயும் சொல்லிட்டுக் கிளம்பிட்டாளே."

"கடைசியில 'விரைவில்'னு வருதுல்ல?"

"ஆமா, அவ விரைவில் திரும்பி வந்துடுவான்னு தானே? அதப் பாத்துதான் நான் மொத வருஷம் ரயில்ல பூரா அழுதுட்டே போனேன். எங்க அம்மாகிட்ட நானும் அப்படித்தான் சொல்லிட்டு வந்தேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேற என்ன அர்த்தம் அதுக்கு?" என்று கேட்டாள்.

ஃபெர்கஸுக்கு வார்த்தை வராமல் போனதை நைரி அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள். வேறு அர்த்தம் இல்லைம்மா, அதுதான் அர்த்தம் என்று அவள்தான் பதில் சொன்னாள். மார்லீ நன்றி சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்துப் போனாள்.

ஃபெர்கஸ் பரிசைத் தரையில் வைத்தான். "நைரி, இத வெளியிட்டுடலாம்."

"எத?"

"இதத்தான். இப்படியே. இப்பவே."

கிண்டல் செய்கிறானா என்று அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பெரிய கம்பெனிகள் கண்காட்சியில் சில சமயம் அப்படிச் செய்வதுண்டு, அறிவித்த கையோடு விற்பனைக்கு விட்டுவிடுவார்கள். அவர்களிடம் கேம் இருக்கும். "இருபது நிமிஷம்டா. ஒன்பது வருஷம் காக்க வெச்சுட்டு இருபது நிமிஷமா? கிழிச்சுத் தொங்கவிடுவாங்க."

"தொங்கவிடட்டும்."

"ஏழு தீவு?"

"அதுல ஒரு தீவையாவது நீ பாத்திருக்கியா?"

"ரெண்டாவது தீவுல ஒரு கொட்டகை இருக்கு. நான்தான் போட்டேன். அதுக்குக் கதவு வெக்கறதுக்குள்ள கண்காட்சி வந்துருச்சு." சொல்லிவிட்டு அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஏழு தீவும் கிடையாதுன்னு உனக்கு எப்போ தெரியும்?"

"உனக்குத் தெரிஞ்சப்பவே."

இணையக் கடையில் 'அக்கரை'க்கென்று ஒரு பக்கம் வெகு நாளாகக் காத்துக்கிடந்தது. அனுமதியெல்லாம் வாங்கியாகிவிட்டது, ஒரு பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி. நைரி ஸ்டால் கணினியில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தாள். விலை என்ன போட என்று கேட்டாள், ஒரு காபி விலை போடு என்றான் அவன். கடைசியில் அவள் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டாள்.

"நீயே அழுத்து. நான் அழுத்துனா, நைரிதான் அவசரப்பட்டான்னு நாளைக்குப் பேட்டி குடுப்ப."

அவன் நிச்சயம் கொடுப்பான், அது அவனுக்கே தெரியும். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான். பிறகு கண்ணைத் திறந்து, சரியான பொத்தானைத்தான் அழுத்தினோமா என்று பார்த்துக்கொண்டான்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வரிசையில் யாருடைய போனோ ஒலித்தது, பக்கத்தில் இன்னொன்று, அதற்கப்பால் இன்னும் பல. வந்தால் சொல் என்று குறித்து வைத்திருந்த எல்லோருக்கும் சேதி போய்க்கொண்டிருந்தது. முன்னால் நின்ற தாடிக்காரன் போனைத் தூக்கிக் காட்டி, "தலைவா, நெசமாவா?" என்று கத்தினான். ஃபெர்கஸ் தலையாட்டினான். தாடிக்காரன் ஒரு நிமிடம் நின்றான். வீட்டிலேயே விளையாடலாம் என்றால் இங்கே கால் கடுக்க நிற்பானேன்? அவன் போனான். அவன் பின்னால் இருந்தவன் போனான். காலையிலிருந்து மண்டபத்தையே வளைத்துக் கிடந்த வரிசை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போய்விட்டது. பக்கத்து ஸ்டாலில் டிராகன் கேம் வைத்திருந்தவர்களுக்கு நல்ல வியாபாரம்.

காலி நாற்காலிகளுக்கு நடுவே இருவரும் நின்றார்கள். இனி ஃபெர்கஸ் டிண்டேலுக்காக உலகத்தில் யாரும் காத்திருக்கவில்லை. சட்டை இல்லாமல் தெருவில் நிற்பது போல அவனுக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் விமர்சனங்கள் வர ஆரம்பித்தன. 'இருபது நிமிடம். பறவை நன்று' என்றது முதலாவது. 'இதற்காகவா என் இளமையைக் கொடுத்தேன்?' என்றது இரண்டாவது. 'ஊரைவிட்டு வந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. இதற்கு மேல் எழுதத் தோன்றவில்லை' என்று ஒருவர். 'பகல்கொள்ளை' என்று இன்னொருவர். ஒவ்வொன்றையும் அவன் சத்தமாக வாசித்தான், எதற்கும் ஜோக் அடிக்கவில்லை. நைரி முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

அப்போது மூச்சு வாங்க ஓடி வந்தான் ராட்னி. கேம் பத்திரிகையாளன், பட்டியல் போடுகிறவர்களில் மூத்தவன். "யோவ், என்னய்யா பண்ணி வெச்சிருக்க? இன்னிக்குக் காலையிலதான் உன்னை முதலிடத்துல போட்டேன். வந்துருச்சுன்னா அது எப்படிய்யா எதிர்பார்க்கப்படற கேம்? என் முதலிடம் காலியாக் கெடக்கு!"

"மன்னிச்சுக்கோ ராட்னி."

"மன்னிப்பெல்லாம் வேணாம். அடுத்தது என்ன? பேரு மட்டும் சொல்லு, போதும். ஒரு படம்கூட வேணாம். உன் பேரு இருந்தா அடுத்த வருஷம் முதலிடத்துல தூக்கி வெச்சிடறேன்." ராட்னி போனில் பதிவை ஓடவிட்டு அவன் வாயருகே நீட்டினான்.

ஃபெர்கஸிடம் ஒன்று இருந்தது. இருக்காமல் எப்படி? காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே வந்துவிட்டது. பெயர் இருந்தது, டிரெய்லரின் முதல் காட்சி இருந்தது, அதற்கு எந்த வாத்தியம் வாசிக்க வேண்டும் என்பதுகூட இருந்தது. சொன்னால் நாளைக்குள் ஊரெல்லாம் பேசும். நாக்கு நமைச்சல் எடுத்தது. நைரி தரையிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்ல" என்றான் ஃபெர்கஸ்.

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே இல்ல ராட்னி."

அதைச் சொல்வதற்குள் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ராட்னி பதிவை நிறுத்திவிட்டு, அடுத்த முதலிடத்தைத் தேடி டிராகன் பக்கம் நடந்தான்.

"பொய் தானே?" என்றாள் நைரி.

"ஆமா."

"உக்காரு. எனக்குச் சொல்லு."

அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான், டிராகன்காரர்கள் காதில் விழக் கூடாது என்று. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பாதி மட்டம் என்றாள். எந்தப் பாதி என்று அவன் கேட்டான், முதல் பாதி என்றாள். இரண்டாவது பாதியைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். அவன் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டாள்.

"ஹலோ, நைரி பேசறேன், மெல்பர்ன்லருந்து. சனிக்கிழமை தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். இல்லங்க, நான் வரல... சம்பளமெல்லாம் ஒண்ணும் குறை இல்ல. இங்க ஒரு கேம் ஆரம்பிச்சிருக்கோம், அதான்." எதிர்முனையில் அது என்ன கேம் என்று கேட்டார்கள். அவள் ஃபெர்கஸை ஒரு பார்வை பார்த்தாள். அவன் ஆர்வம் தாங்காமல் வாயைத் திறக்கப்போக, உள்ளங்கையால் அதைப் பொத்திவிட்டுப் போனில் சொன்னாள்:

"அதச் சொல்றதுக்கில்லங்க."